நாற்பதைத் தாண்டிய உடம்பு: எங்கே பிழை விடுகிறோம்?

மாதவிடாய் முற்றாக நிற்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, பெரும்பாலும் நாற்பதுகளில், உடம்பு மாறத் தொடங்கிவிடும். மாதாமாதம் இரத்தம் வந்துகொண்டிருப்பதால் நோவும் படபடப்பும் இந்த மாற்றத்தால்தான் என்ற எண்ணமே எழாது. தோள் நோவுக்கு ஓரிடம், படபடப்புக்கு வேறிடம், நாக்கு எரிவுக்கு நாட்டுவைத்தியர் என்று அலைச்சல்தான் மிச்சம். குறிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதுதான் முதல் பிழை. சுவர்க் கலண்டரில் இரத்தம் கண்ட நாட்களைச் சிவப்பிலும், வியர்த்து எழும்பிய இரவு, நெஞ்சு படபடத்த நாள், எறும்பு ஊர்வதுபோலத் தோல் தினவெடுத்த நாள் எல்லாவற்றையும் நீலத்திலும் மூன்று மாதம் குறியுங்கள். வைத்தியருக்கு அந்தத் தாள்கள் பெரிய உதவி. ஹோர்மோன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், 45 தாண்டியவர் தனியார் லாப்பில் காசு கட்டி ஒருமுறை எஃப்.எஸ்.எச். என்ற ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

வன்னிக்கே உரிய பிழை ஒன்றும் உண்டு. இரவில் வியர்த்துக் கொட்டி எழும்பினால் “பழசை யோசிக்கிறா” என்று வீட்டார் முடித்துவிடுவார்கள். 2009 யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கு மனக்காயம் நித்திரையைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் ஹோர்மோன் வெக்கை பெரும்பாலும் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும், சில நிமிடங்களில் தணியும், பிறகு குளிரும். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் தளம்பும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாடு சிறு சூட்டுக்கும் துள்ளுவதே காரணம். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே எல்லாருக்கும்தான் வியர்க்கும். மார்கழிக் குளிரிலும் உங்களுக்கு மட்டும் வியர்க்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு காரணமும் ஒருவரிடமே இருக்கலாம். பின்னேரக் காய்ச்சல், மெலிவு, இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமல் சேர்ந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம்.

தோள்மூட்டு இறுகுவதை ஆரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. தலை பின்னக் கை எழும்பாது, முதுகுப்பக்கக் கொக்கி பூட்ட முடியாது. சிலர் கையை அசைக்காமலே வைத்திருப்பார்கள், சிலர் பிடித்து இழுத்து உருவுவிப்பார்கள். இரண்டாலும் கூடும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டமாகப் பத்துத்தரம் இப்பக்கமும் பத்துத்தரம் அப்பக்கமும் சுற்றுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சீனி வருத்தக்காரருக்கு இது அதிகம் வருவதால் சீனியையும் சோதியுங்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக்கை நாட்கணக்கில் விழுங்க வேண்டாம்: வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தில் இது சின்ன விசயமல்ல.

நேர்மாறான பிழையும் அதேயளவு ஆபத்து. “வயசுக்கோளாறு” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவது. படபடப்பும் களைப்பும் இரத்தச் சோகையாகவோ தைரொயிட்டாகவோ இருக்கலாம், ஹீமோகுளோபின், தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச்., இதயத்துக்கான ஈ.சி.ஜி. மூன்றையும் கேட்டுச் செய்வியுங்கள். நெஞ்சு அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, மூச்சுமுட்டு, மயக்கம் வந்தால் கலண்டரும் வேண்டாம், கைமருந்தும் வேண்டாம்: 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்து இரும்புக் குளிசை தந்தால், அதைப் பிளேன்ரீயோடு விழுங்குவது நம்மிடம் மிகச் சாதாரணம். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள்; தேநீருக்கும் குளிசைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள். கல்சியம் குளிசையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, ஆனால் அதிக இரத்தப்போக்கை அவை நிறுத்தாது. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தால், ஏழு நாளைத் தாண்டினால், கட்டிகட்டியாகப் போனால், உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

வயலில் மலசலகூடம் இல்லையென்று தண்ணீரைக் குறைப்பவர்கள் சலக்கடுப்பால் (சிறுநீர் எரிவால்) கூடுதலாக அவதிப்படுவார்கள். ஈஸ்ட்ரஜன் குறைந்து மெலிந்த சலப்பாதை எளிதில் எரியும். ஒவ்வொரு முறையும் அன்ரிபயோற்றிக் வாங்காமல் முதலில் சலத்தைச் சோதியுங்கள். கிருமி இல்லாமல் எரிந்தால் விஓஜியிடம் (பெண்நோயியல் நிபுணரிடம்) ஈஸ்ட்ரஜன் கிறீம் பற்றிக் கேளுங்கள். வெக்கைக்கான ஹோர்மோன் சிகிச்சை பொருந்துமா என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மார்புப் புற்றுநோயோ கால் நாளத்தில் இரத்தம் உறைந்த கட்டோ முன்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள். விஓஜியிடம் போக வழியில்லாவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் பெண்களுக்கென நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் தொடங்கலாம். நாள் உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும்.

மாதம் தவறுகிறதென்று கருத்தடையை விடுவதும் பிழை. கடைசி மாதவிடாய் 50க்கு முன் வந்ததென்றால் இரண்டு வருடம், 50க்குப் பிறகென்றால் ஒரு வருடம் தொடர வேண்டும். பன்னிரண்டு மாதம் நின்றபின் ஒரு துளி கண்டாலும் அது மாதவிடாய் திரும்பியதல்ல, அந்தக் கிழமையே காட்டுங்கள்.