ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பாருங்கள்

எங்கள் அப்பாவுக்கு வலது கண் பார்வை போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்தினார். "ஏத்தா, கரண்டு போயிருச்சா?" என்று என்னைக் கேட்டார். உச்சிவெயில் நேரம் அது. கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) வலியில்லாமல், சிவப்பில்லாமல் அந்தக் கண்ணைத் தின்றிருந்தது. நல்ல கண் அத்தனை நாளும் இரண்டு பேர் வேலையைப் பார்த்திருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் கண் பரிசோதனை மையத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். மாதம் ஒருமுறை, வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, தினசரி காலண்டருக்குப் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்துங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும். தேதியையும் கிழமையையும் படியுங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், நேராக நிற்கிறதா, நெளிகிறதா? அடுத்த கண்ணுக்கும் இதே மாதிரி. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ கம்பி நெளிந்தாலோ அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பேசத் தெரியாத பிள்ளைக்கும் வழி உண்டு. விளையாட்டாக ஒவ்வொரு கண்ணாகப் பொத்துங்கள். ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், மற்ற கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகப்படுங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று கொஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மாறிய கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை மறைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தால் பார்வையை நிறைய மீட்கலாம். வயது ஏற ஏற அது கடினமாகிக்கொண்டே போகும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதும் தப்பு. பிள்ளை வளர வளர கண்விழியும் நீள்கிறது, அதனால்தான் கிட்டப்பார்வை ஏறுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் கரும்பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

"எங்க அப்பத்தா இந்த வயசுல கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்குது" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருந்தவர் திடீரென்று அதில்லாமல் படித்தால், பெரும்பாலும் புரை வளர்ந்து கிட்டப்பார்வை வந்திருக்கிறது. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது.

புரை முத்தட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்து ஆபரேஷனுக்கு ஏற்பட்ட வழக்கம். இப்போது சின்னத் துளை வழியாகப் புரையை எடுத்து லென்ஸ் வைக்கிறார்கள். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே செய்துகொள்ளலாம். முற்றிய புரை கல்லாக இறுகி ஆபரேஷனைச் சிரமமாக்கும், கண் அழுத்தத்தையும் கூட்டலாம். சொட்டு மருந்தில் புரை கரையாது.

மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது. கை, துண்டு, தலையணை வழியாகத்தான் ஒட்டும். கறுப்புக் கண்ணாடியை விட சோப்புதான் முக்கியம்.

அறுவடைக் காலத்தில் எனக்குப் பயமே இன்னொன்று. நெல் சுணையோ தாளோ கண்ணில் கீறிவிடும். வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், நாக்கால் துழாவி எடுப்பார்கள். அதோடு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு வேறு. செடி கீறிய கண்ணில் பூஞ்சை இறங்கலாம், ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட மாதிரி. கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி விழுந்த பிறகு வருகிறவர்களுக்குப் பார்வையைக் காப்பாற்றுவது பெரும்பாடு. சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அன்றைக்கு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். சில மணி நேரம் கூசும், வண்டி ஓட்டாமல் துணைக்கு ஆளோடு போங்கள்.

அப்பாவுக்கு வந்ததைக் காலண்டர் வைத்து ஆரம்பத்தில் பிடிக்க முடியாது. அது பெரும்பாலும் ஓரத்துப் பார்வையைத்தான் முதலில் எடுக்கும். 40 வயது தாண்டியவர்கள், அதிலும் வீட்டில் யாருக்காவது இருந்தால், அழுத்தத்தையும் கண் நரம்பையும் பரிசோதித்தே ஆக வேண்டும். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் போனோம். அண்ணனுக்கு ஆரம்ப நிலையிலேயே தெரிந்தது. கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு, பிறகு கண்ணை மூடி மூக்கோரம் இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு, "மருந்து விட்டாச்சாண்ணே?" என்று கேட்கிறேன்.