ஸ்டாப் மோஷன் பொம்மைக்குக் கம்பி மூட்டு

ஸ்டாப் மோஷனில் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பார்கள். அந்தப் பொம்மையின் கை கால்களுக்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டாக மடித்து, முனைகளை வைஸில் (மேசையில் பொருத்தும் பிடிப்புக் கருவி) இறுக்கி, மடிப்பை டிரில்லில் மாட்டிய கொக்கியில் கோத்து மெதுவாக முறுக்குங்கள். அப்புறம் மூட்டு வரும் இடத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட்டு, மற்ற பகுதியில் எம்-சீல் (பிசைந்து பூசினால் இறுகும் எபாக்ஸி களிம்பு) பூசுங்கள்.

எம்-சீல் இறுகியதும் எலும்பாக நிற்கும். வளைவது மூட்டு மட்டும்தான். அந்த இடைவெளியைக் குறைக்கவே குறைக்காதீர்கள். வளைவு ஒரே புள்ளியில் விழாமல் பரவினால்தான் கம்பி சீக்கிரம் ஒடியாது. ரொம்ப முறுக்கினாலும் அலுமினியம் விறைத்து முறியும்.

கனமான பொம்மைக்கும் மாதக்கணக்கில் நீளும் படப்பிடிப்புக்கும் இது தாங்காது. அதற்கு உருண்டை மூட்டு வைத்த எஃகுச் சட்டகம்தான் சரி.