குளிரில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பது எப்படி, கொட்டகை தீப்பிடிக்காமல்

மார்கழி, தை மாதங்களில் கோழிக்குஞ்சு இறக்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் பல்பு போடலாம் என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தப் பல்பு அறுந்து விழுந்தால் எதன்மேல் விழும் என்பது. கீழே உமி, மேலே தென்னங்கீற்று, சுற்றிலும் சாக்குப் படுதா என்றுதான் நம் ஊர்க் கொட்டகைகள் பல இருக்கின்றன. மூன்றுமே சட்டென்று பற்றிக்கொள்ளும். நூறு நாட்டுக்கோழிக் குஞ்சோடு ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

படி 1: காற்றைத் தடுங்கள், தரையைக் காய வையுங்கள்

பல்பை மாட்டுவதற்கு முன் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. குஞ்சுகளைப் படுத்துவது பெரும்பாலும் தரையோடு வருகிற வாடைக்காற்றும் ஈரமும்தான். வலையின் கீழ்ப்பக்கத்தைப் படுதாவால் மூடுங்கள், ஆனால் மேலே ஓர் அடி திறந்தே இருக்கட்டும். முழுக்க மூடினால் எச்சத்தின் அமோனியா நெடி உள்ளேயே தங்கி, குஞ்சுகளுக்குச் சளி பிடிக்கும். காய்ந்த உமியை இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாளைக்கு மேலே செய்தித்தாள் விரித்து, நனைந்ததும் மாற்றிவிடுங்கள். ஒன்றரை அடி உயரத் தகட்டை நாலடி விட்டத்தில் வட்டமாகக் கட்டுங்கள். மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துப்போகும். குஞ்சு வளர வளர வட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

படி 2: பல்பு மாட்டுதல்

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. நூறு குஞ்சுக்கு 200 வாட். அதை ஒரே பல்பாகப் போடாமல் இரண்டு 100 வாட் குண்டு பல்பாகப் போடுங்கள், ராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்குத் தேவையான சூடு வராது.

இனி சொல்வதில்தான் யாரும் சோம்பல்படக் கூடாது. பல்பை அதன் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் இளகும், அதனால் பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். ஹோல்டரைச் சங்கிலியில் மாட்டி, அதற்கும் மேலே இன்னொரு கட்டுக்கம்பியை வேறொரு குறுக்குக்கட்டையில் தனியாகக் கட்டுங்கள். சங்கிலி கழன்றாலும் பல்பு உமியைத் தொடாமல் நடுவிலேயே நிற்கிற அளவுக்குத்தான் அந்தக் கம்பியின் நீளம் இருக்க வேண்டும். பல்பைச் சுற்றி ஒரு கம்பிவலைக் கூண்டும் போட்டுவிடுங்கள். குஞ்சுகளுக்கு மேலே ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரம் சரியாக இருக்கும். தண்ணீர்த் தட்டைப் பல்புக்கு நேர்கீழே வைக்காதீர்கள், சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் வெடித்துவிடும். சூடு வெளியே போகாமலிருக்கப் பல்பின்மேல் சாக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டவே வேண்டாம்.

படி 3: ஒயரிங்

200 வாட் என்பது ஓர் ஆம்பியர்கூட இல்லை, லோடு தாங்காமல் தீப்பிடிக்கிற கதை இங்கே இல்லை. ஆபத்து இருப்பது டேப் சுற்றிய ஒட்டுகளிலும் ஆடுகிற பிளக்கிலும் எலி கடித்த ஒயரிலும்தான். சுவிட்சைக் கொட்டகைக்கு வெளியே வைத்து, அங்கிருந்து ஒட்டே இல்லாத ஒரே ஒயரை பிவிசி குழாய்க்குள் கொண்டுவாருங்கள். எம்சிபியோடு (ஷார்ட் ஆனால் தானே அணைகிற சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச்) போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம் நூலாம்படை, தீவனத் தூசு. வாரம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்து, பல்பு ஆறியபின் துடைக்க வேண்டும்.

படி 4: சூடு சரியா என்று பார்ப்பது

முதல் வாரம் குஞ்சு நிற்கிற உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம், பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாலே போதும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், தகட்டோரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவலாக மேய்ந்தால் சரி.

படி 5: கரண்ட் போனால்

கரிச்சட்டியை மூடிய கொட்டகைக்குள் வைக்காதீர்கள். தீ ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம், உள்ளே போகிற ஆளுக்கும் அது எமன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் குஞ்சுகளைப் பிரித்துப்போட்டு, பாட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சாக்கு சுற்றி நடுவில் வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் இந்த லோடைச் சில மணி நேரம் தாங்கும்.

ஆடு, மாடு இருந்தால்

பெரிய மாட்டுக்குச் செயற்கைச் சூடு வேண்டாம், வயிறு நிறைய வைக்கோல் தின்றால் அது செரிக்கும்போதே உடம்பு சூடாகிவிடும். ஜனவரியில் உறைபனி விழுகிற உதகையிலும் காய்ந்த படுக்கையும் காற்றுத் தடுப்பும்தான் முக்கியம். கன்றுக்கும் குட்டிக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்து, ஈரம் போகத் துடைத்து, முதுகில் சாக்குக் கட்டுங்கள்.

கொசுவுக்கு மூட்டம் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. எருமுட்டையும் வேப்பிலையும் கனன்றுகொண்டே இருக்க, வீட்டில் எல்லோரும் தூங்கப் போய்விடுகிறோம். மூட்டத்தைக் கொட்டகைக்கு வெளியே இரும்புச் சட்டியில் போட்டு, படுக்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். வைக்கோல் போரைக் கொட்டகையை ஒட்டிப் போடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும். நீளமான இரும்புக் கம்பியைச் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் போரைக் கலைக்காமல் தீயணைப்புத் துறையின் 101க்குப் பேசுங்கள். கலைத்தால் காற்றுப் பட்டுச் சுவாலை எழும்பிவிடும்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் வெளியே இருக்கிற மெயினை அணையுங்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர். 101 அல்லது அவசர உதவி எண் 112க்குப் பேசுங்கள். மாடுகளைச் சங்கிலியில் பூட்டாமல், இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சில் கட்டிப் பழகியிருந்தால் இந்த நேரத்தில் அது உயிர் காக்கும். வெளியே ஓட்டிய மாடு மிரண்டுபோய்த் திரும்பவும் கொட்டகைக்குள்ளேயே ஓடலாம், அதனால் படலைச் சாத்துங்கள். கூரை பற்றிவிட்டால் நீங்கள் உள்ளே போகக் கூடாது. புகை குடித்த மாடு அன்றைக்கு நன்றாகத் தெரிந்தாலும் நுரையீரல் பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படலாம், அதனால் கால்நடை உதவி எண் 1962க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள்.