பழைய ஸ்குரோல் வாளுக்குள் கிறீஸைத் திணிக்காதீர்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஓடாவிமாரின் பட்டறை மூலையில் அப்பப்பா காலத்து ஸ்குரோல் வாள் (மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடிப் பலகையில் வளைவு வெட்டும் மெஷின்) ஒன்று கிடந்தால், அதை இப்போது பொடியன்கள் தூசு தட்டி ஓட்டப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோசம். ஆனால் தொடக்கத்தில் எல்லாரும் விடுகிற அதே பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள். பிளேட்டைத் தலைகீழாக மாட்டுவதையெல்லாம் இங்கே எழுதவில்லை. முதல் பலகையே அதைச் சொல்லித் தந்துவிடும்.

ஒயில் பெட்டிக்குள் கிறீஸ்

மேல்கை அசையாமல் நிற்கும் பழைய வாளில் மேசைக்குக் கீழே மூடிய பெட்டி ஒன்று இருக்கும். மோட்டாரின் சுற்றை மேலும் கீழுமான ஓட்டமாக மாற்றும் கிராங்க் அதற்குள்தான். அமெரிக்காவின் டெல்டா கம்பனி செய்த 24 அங்குல வாள் போன்றவற்றில் அந்தக் கிராங்க் ஒயிலில் முங்கி, அதைத் தெறிக்கவைத்து மற்றப் பாகங்களையும் நனைக்கும்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி தன் வாளைக் கொண்டுவந்தார். ஓடும்போது கடகடவென்று இடித்தது. "ஒயில் கசியுது அண்ணன், கிறீஸ் என்றால் நிக்கும்தானே" என்று பெட்டி நிறைய அடைத்திருக்கிறார். கிறீஸ் ஒருமுறை ஓரத்துக்குத் தள்ளப்பட்டால் அங்கேயே நின்றுவிடும், திரும்பி வழிந்து வராது. முதலில் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். திறந்து பார்த்தோம்: சுவரெல்லாம் கிறீஸ், நடுவில் கிராங்கின் ஆணி காய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்த ஆணி சுற்றும் புஷ்ஷின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். அந்தப் பாகம் இப்போது கடையில் கிடைக்காது. லேத்தில் வெண்கலத்தில் கடைந்து எடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கொடுத்த காசுக்கு எத்தனை போத்தல் ஒயில் வாங்கியிருக்கலாம்! இதே வேலையை இன்னொருவர் செய்ததாகக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கசிந்தால் கசிவை நிறுத்துங்கள், மூடிக்கு அடியிலுள்ள பேக்கிங்கை மாற்றுங்கள். எஸ்.ஏ.ஈ. 10 போன்ற மெல்லிய ஒயில், குறித்த மட்டம் வரைக்கும் போதும். முச்சக்கரவண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயில் வேண்டவே வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும்.

பழைய வாள் வாங்கப் போகிறீர்களா? பெல்ட்டைக் கழற்றுங்கள். ஒரு கையால் புல்லியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்துப் பிளேட் பிடியை மற்றக் கை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். 'டக்' என்று விரலில் தட்டினால் உள்ளே தேய்ந்துவிட்டது. விலையை அப்புறம் பேசுங்கள்.

அமெரிக்க மோட்டார்

அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேட்ஸ் (நொடிக்கு 60 அலைவு), இங்கே 230 வோல்ட், 50 ஹேட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்டை இறக்கும், ஹேட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடவேண்டிய மோட்டார் 1425 அளவில்தான் ஓடும். மெதுவாக ஓடுவதால் வாளுக்குக் கேடில்லை, ஆனால் மோட்டார் கூடுதலாகச் சூடேறும். இங்கத்தைய கால் குதிரைவலு மோட்டார் ஒன்றைப் பூட்டிவிட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

மேல் ஸ்பிரிங்

பிளேட்டைக் கீழே இழுப்பது கிராங்க், மேலே தூக்குவது இந்த ஸ்பிரிங். தளர்ந்திருந்தால் பிளேட் மேலே வரும்போது வளைந்து ஒடியும். பிளேட்டைக் குறை சொல்லுமுன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

பொலித்தீன் உறை

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், உப்புக்காற்று எப்போதும் உண்டு. பொலித்தீனால் மூடினால் உள்ளே வியர்த்து, மாரி முடியுமுன் மேசை முழுக்கத் துரு. மெழுகு தேய்த்துப் பருத்தித் துணியால் மூடுங்கள். ஏற்கெனவே துரு பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றிப் பொறுமையாகத் தேய்க்கவேண்டும். கிரைண்டர் வைத்தால் மேசையில் குழி விழும், பிறகு பலகை சமமாக உட்காராது.

இறுகின நட்டில் சுத்தியல்

வார்ப்பிரும்பு வெடிக்கும். ஒயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள்.

பெயின்ட்

ஓடின பிறகு.

பெல்ட் மூடி

தொலைந்திருந்தால் தகரத்தில் ஒன்று அடியுங்கள். பிள்ளைகள் வந்துபோகிற பட்டறையில் மூடி இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது.