பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதிரே வருபவர் உங்கள் கிளையண்ட் என்றால்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் கவுன்சலர், அதாவது மனநல ஆலோசகர், சாயங்காலம் கதவைச் சாத்தினால், ஆலோசனைக்கு வரும் கிளையண்ட்டை அடுத்த வாரம்தான் பார்ப்பார். பேராக் மாநிலத்தில் நான் கவுன்சலராக இருக்கும் சுங்கை சிப்புட்டில் அந்தக் கதை நடக்காது. நாலு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து அழுதவரை ஆறு மணிக்குக் கடையில் தேங்காய் தட்டிப் பார்க்கும்போது பார்ப்பேன், வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் பார்ப்பேன், அவர் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எஸ்டேட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்தாலும் வரிசை வீடுகளில் வாழ்ந்த லயத்துப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதே தெரிந்துவிடும் ஊர் இது. ஆகவே வெளியில் பார்க்காமல் இருப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள், பார்க்கத்தான் போகிறீர்கள். பார்த்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே கிளையண்ட்டோடு பேசி வையுங்கள்.

நான் பேசி வைக்காமல் மாட்டிக்கொண்டேன். வேலைக்கு வந்த முதல் வருடம், பாசார் மாலாமில் அப்பம் பாலிக் என்ற இனிப்பு அப்பம் வாங்க வரிசையில் நிற்கிறேன், முன்னால் என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் அக்கா. "அக்கா, இப்ப நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டேன், அக்கறையாகத்தான். பக்கத்தில் நின்ற நாத்தனார் சட்டென்று திரும்பி, "ஏன் அண்ணி, தூக்கம் வரலையா? இவங்க யாரு?" என்றார். அக்கா கையிலிருந்த ஐந்து ரிங்கிட் நோட்டை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டார். அப்பம் வாங்காமலே போனார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அதற்குப் பிறகு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "நம்ம ஊர் சின்னது, வெளியில எங்கேயாவது பார்த்துக்குவோம். நானா வந்து பேச மாட்டேன், கோபம்னு நினைச்சுக்காதீங்க. நீங்க வணக்கம் சொன்னா நானும் சொல்வேன். எப்படிப் பழக்கம்னு யாராவது கேட்டா என்ன சொல்லலாம்?" கடைசிக் கேள்விக்கு நேரம் கொடுங்கள். சிலர் ஏதாவது பொய் சொல்லச் சொல்வார்கள், அதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. "ஊர்ல பார்த்த முகம்" என்பதோடு நிறுத்துவேன், அது பொய்யும் இல்லை. வயதானவர்களிடம் மட்டும் கவனம், வணக்கம் சொல்லாமல் போனால் தலைக்கனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் நீங்களே முதலில் சொல்வதைத்தான் விரும்புவார்கள், கேட்டுக் குறித்து வையுங்கள்.

சரி, அவரே வந்து காய்கறிக் கூடையோடு நின்று வீட்டுச் சண்டையை ஆரம்பித்தால்? "இது முக்கியமான விஷயம், இங்க நின்னு கேட்டா அரைகுறையாத்தான் கேப்பேன், செவ்வாய்க்கிழமை முதல்ல இதையே பேசலாம்" என்று சொல்லி நகருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இதெல்லாம் கிடையாது. ஓரமாக அழைத்துப் போய் கூடவே இருங்கள், 999 அழையுங்கள், ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டார் பயந்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, தீபாவளி முறுக்கு இதெல்லாம் வந்தே தீரும். குட்டைல், கேபார்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரையில் எல்லையைத் தாண்டுவது வேறு, எல்லையை மீறுவது வேறு என்று பிரித்தார்கள்: முதலாவது சில நேரம் தீங்கில்லாதது, உதவக்கூடச் செய்யலாம், இரண்டாவது கிளையண்ட்டைக் காயப்படுத்துவது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையும், தீங்கோ சுரண்டலோ வர வாய்ப்பில்லாத இரட்டை உறவை, அதாவது கிளையண்ட்டோடு வேறொரு உறவும் இருப்பதை, தவறு என்று சொல்லவில்லை. நம்மூருக்கு இந்த அளவுகோல் போதும். முறுக்கு டின்னை வாங்கி ஆபீசில் எல்லோரோடும் சாப்பிடுவேன். பணம், நகை என்றால் வாங்க மாட்டேன். கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்துவிடுவேன், பந்தியில் உட்கார்ந்தால் சொந்தக்காரர்கள் விசாரணை ஆரம்பித்துவிடும். அப்புறம் அடுத்த சந்திப்பில், "அன்னைக்கு நான் வந்தது எப்படி இருந்துச்சு?" என்று கேட்கத் தவறாதீர்கள்.

கடன், சீட்டு, சப்ளிமென்ட் விற்பது, வீடு வாடகைக்கு விடுவது, எதுவும் வேண்டாம். காதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்து குறைந்தது 2 வருடம் என்று உளவியல் சங்கமும், 5 வருடம் என்று அமெரிக்க கவுன்சலிங் சங்கமும் கணக்குப் போடுகின்றன. நம்ம ஊரில் எத்தனை வருடமும் போதாது என்பது என் எண்ணம். ஃபேஸ்புக் நட்பு அழைப்பையும் ஏற்காதீர்கள், ஏன் ஏற்கவில்லை என்பதை நேரில் சொல்லிவிடுங்கள். கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேரும் இருந்தால் இருந்துவிட்டுப் போங்கள், தனியாக வரும் செய்திக்கு மட்டும் நேரம் குறிப்பதைத் தவிர வேறு பதில் போடாதீர்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் இன்னொன்று. "அந்தப் பொண்ணு உங்ககிட்டதான் வருதாமே?" என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். வராதவர்களைப் பற்றிக் கேட்கும்போது "இல்லை" என்று சொல்லிப் பழகினால், வருகிறவர்களைப் பற்றி வாய் மூடும் அன்றைக்கே குட்டு உடைந்துவிடும். அதனால் என்னிடம் வராதவரைப் பற்றிக் கேட்டாலும், என் சொந்தத் தங்கையைப் பற்றிக் கேட்டாலும்கூட ஒரே பதில்: "யார் வர்றாங்க, வரலைன்னு நான் சொல்றதே இல்லண்ணே." 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டவள், கவுன்சலர் வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் என்று முதலில் விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் ஏறவில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய் டீக்கடை அண்ணன் இப்போது யாரைப் பற்றியும் என்னிடம் கேட்பதில்லை. என்னை நகராண்மைக் கழகக் கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் லாங்காங் (சாக்கடை) அடைத்திருப்பதைப் பற்றி மட்டும் கேட்கிறார்.