உயரம் பத்தாத பிள்ளையை லெஃப்ட் பேக்காக வளர்க்க: பெங்களூரு பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும்

பெங்களூருவில் கால்பந்து அகாடமி ட்ரயலுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் பதில், "ஹைட் பத்தாது." லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத்து டிஃபென்டராக ஆடும் ஸ்காட்லாந்தின் ஆன்டி ராபர்ட்சனுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. ஆள் சின்னதாக இருக்கிறான் என்று கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் அவரை 15 வயதில் விட்டுவிட்டது. அடுத்து அவர் சேர்ந்தது அதே ஊரின் குவீன்ஸ் பார்க். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தராத அமெச்சூர் கிளப்பாக இருந்தது அது. அன்று ஸ்காட்லாந்தின் நான்காவது அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2012-13 சீசனை அங்கே ஆடி முடித்தார். 2013ல் டண்டி யுனைடெட், 2014ல் ஹல் சிட்டி, 2017ல் லிவர்பூல். 2018ல் நாட்டின் கேப்டன், 2019ல் சாம்பியன்ஸ் லீக், 2020ல் பிரீமியர் லீக்.

இந்த வரிசையில் பெற்றோர் நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் 2012-13தான். 18 வயதில் வாரா வாரம் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக முழு மேட்ச் ஆடக் கிடைத்தது. ஒரு டிஃபென்டர் தேறுவது அப்படித்தான். பெரிய பெயருள்ள அகாடமியின் பெஞ்சில் அது கிடைக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் ஊரில் பெயர் நிற்பது ஃபார்வர்டுகளுக்கு: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் விங்கர் அருமைநாயகம். கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் பந்தைத் தொடும் பிள்ளைகளுக்கு மேலே ஆடத்தான் ஆசை. பேக்கில் விரும்பி நிற்பவர்கள் குறைவு, அதிலும் இடது காலால் ஆடுபவர்கள் மிகக் குறைவு. உயரம் குறைந்த இடங்காலிக்கு டீமில் சீக்கிரம் இடம் கிடைக்கும் பொசிஷன் இது.

கீழே உள்ளது 12 முதல் 17 வயது வரையான பையன்களுக்கும் பெண்களுக்கும் பொருந்தும். ரைட் பேக்காக இருந்தால் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.

விங்கருக்குப் பந்து வரும்போது

வேலையில் பாதி இங்கேதான். எதிர் விங்கரை நோக்கிப் பந்து உருண்டு வரும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் முழு வேகத்தில் ஓட வேண்டும். அவர் பந்தை அடக்கிய பிறகு கிளம்பினால், திரும்பி நம்மைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்துவிடும். கடைசி 3 மீட்டரில் காலடிகளைச் சிறிதாக்கி, முழங்காலை மடக்கி, 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி நின்றுவிடுங்கள். மார்பை நேராகக் காட்டி நிற்கக் கூடாது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடல் சாய்வாக, எடை முன்பாதத்தில்.

எந்தக் கால் முன்னே என்பது அவரை எந்தப் பக்கம் அனுப்ப நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் டச் லைன் பக்கம் அனுப்புவதே பாதுகாப்பு. அதற்கு லெஃப்ட் பேக் சற்று உள்பக்கமாக நின்று, வலது காலை முன்னே, இடது காலைப் பின்னே வைத்து, இடுப்பை லைன் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். வலது விங்கில் ஆடும் இடங்காலி உள்ளே வெட்டிக் கோலுக்கு அடிக்கப் பார்ப்பார்; அவரிடம் இதைக் கண்டிப்பாகச் செய்யவும். விங்கர் நம்மைவிட மிக வேகமானவராகவும், உள்ளே நம் ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) பக்கத்திலேயே நிற்பவராகவும் இருந்தால் மட்டும் உள்ளே அனுப்பலாம்.

கண் பந்தின் மேல் இருக்கட்டும். தோள், இடுப்பு, கால் எல்லாம் ஏமாற்றும். கபடியில் ரைடர் தன் எடையை மாற்றும் வரை கார்னர் ஆட்டக்காரர் காலைப் பிடிக்கப் பாய்வதில்லை. இங்கும் பந்து அவர் காலைவிட்டு அரை மீட்டர் விலகும் டச் வரும் வரை காத்திருக்க வேண்டும். அது வந்ததும் பாதத்தின் உள்பக்கத்தால், கணுக்காலை இறுக்கி, ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, எடையை முன்னே தள்ளி எடுங்கள். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்தும் போகும், காலும் சுளுக்கும்.

பயிற்சிக்கு 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் நான்கு கோன் போதும். ஒருவர் பந்தோடு கடக்க வேண்டும், ஒருவர் தடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 8 விநாடி, பிறகு 40 விநாடி ஓய்வு. ஆளுக்கு 6 முறை, வாரம் இரண்டு நாள். முதல் இரண்டு வாரம் தடுப்பவர் பந்தைத் தொடவே கூடாது. 8 விநாடி தாமதப்படுத்தினாலே வெற்றி என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், காலை வீசும் பழக்கம் இதில்தான் போகும்.

தவறுவது எங்கே என்று பார்த்தால் காரணம் சில இடங்களில்தான் இருக்கும். நேராக நின்றால் காலுக்கு நடுவே பந்து போகும். ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் ஒரே தள்ளலில் தாண்டிவிடுவார். குதிகாலில் எடை இருந்தால் திரும்ப அரை விநாடி வீணாகும். வாடகை டர்ஃபில் ஃபைவ்ஸ் (பக்கத்துக்கு ஐந்து பேர் ஆட்டம்) மட்டும் ஆடும் பிள்ளைகளிடம் இவை அதிகம்: இடம் சின்னது, தாண்டிப் போனாலும் பின்னால் ஓட இடமில்லை, ஆஃப்சைடு இல்லை. அதனால் பாய்ந்து காலை நீட்டுவது அங்கே பலிக்கும், பெரிய கிரவுண்டில் பலிக்காது. ஃபைவ்ஸ் வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

ஸ்லைடு டேக்கிளைக் கடைசிக்கு வையுங்கள். நம் செம்மண் கிரவுண்டில் தொடைத் தோல் உரிவது ஒருபுறம். தவறினால் தரையில் கிடக்கும் நேரத்தில் டீம் பத்துப் பேராகிவிடும். இதே கிரவுண்டுக்கு நீளமான இரும்பு ஸ்டட் பூட் வாங்காதீர்கள். குட்டையான ரப்பர் ஸ்டட் போதும், குதிகால் வலியும் குறையும்.

பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது

எதிர் டீம் நம் வலது ஓரத்தில் பந்தை வைத்திருந்தால் லெஃப்ட் பேக் தன் விங்கரோடு ஒட்டிக்கொண்டு லைனில் நிற்கக் கூடாது. உள்ளே வந்து, பக்கத்து ஸ்டாப்பரிடமிருந்து 8 முதல் 10 மீட்டரில் நில்லுங்கள். கிட்டத்தட்ட தன் பக்கக் கோல் போஸ்ட்டுக்கு நேரே. 40 மீட்டர் தூக்கி அடித்த பந்து இந்தப் பக்கம் வந்து சேர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அதற்குள் 15 மீட்டர் ஓடிப் போய்விடலாம், பந்து கிளம்பிய நொடியிலேயே நாமும் கிளம்பினால்.

அந்த நேரத்தில் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய ஆபத்து. பின்னால் விங்கர் தூர போஸ்ட்டுக்கு வந்து, யாரும் இல்லாத இடத்தில் தட்டிவிடுவார். உடலைப் பாதி திறந்து, பந்தும் ஆளும் ஒரே பார்வையில் படும்படி நிற்கவும். ஆள் பார்வையிலிருந்து மறைந்தால் தோளுக்கு மேல் ஒரு நோட்டம். இதற்கு எளிய பயிற்சி: கோச் பிள்ளையின் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவார்; எதிர்ப்பக்கம் பந்து பாஸ் ஆகிக்கொண்டிருக்கும்போதே எத்தனை விரல் என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

இடது ஸ்டாப்பராகவும் நிற்கக் கற்றுக்கொடுங்கள். ஸ்காட்லாந்துக்கு ஒரே காலத்தில் ராபர்ட்சன், கீரன் டியர்னி என்று இரண்டு தேர்ந்த லெஃப்ட் பேக்குகள் இருந்தார்கள். கோச் ஸ்டீவ் கிளார்க் மூன்று பேக் வைத்து, டியர்னியை மூவரில் இடது ஓரத்திலும் ராபர்ட்சனை அவருக்கு முன்னால் விங் பேக்காகவும் இறக்கினார். இரண்டு இடம் தெரிந்தவர் டீமில் நிற்பார்.

ஏறி இறங்குவது

2018-19 பிரீமியர் லீக்கில் ராபர்ட்சனின் அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) 11. பேக்கில் ஆடுபவருக்கு அது பெரிய எண்ணிக்கை. அவர் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அடிக்கும் பந்து, பெரும்பாலும் உயரப் போகாது. கோல் கீப்பருக்கும் டிஃபென்ஸ் லைனுக்கும் நடுவே வேகமாகப் போகும். பிள்ளைகள் உடலைப் பின்னால் சாய்த்து அடிப்பதால் பந்து மிதந்து கீப்பர் கைக்குப் போகிறது. ஊன்றும் காலைப் பந்துக்கு இணையாக வைத்து, மார்பைப் பந்துக்கு மேல் கொண்டுவரச் சொல்லுங்கள். பெனால்டி பாக்ஸ் விளிம்புக்கு நேரே 8, பாக்ஸுக்குள் ஓரத்தில் 8, கோல் லைனிலிருந்து பின்னோக்கி 8 என்று 24 கிராஸ், ஓடிக்கொண்டே. நின்ற பந்தை அடித்துப் பழகினால் மேட்ச்சில் உதவாது.

மேலே போயிருக்கும்போது பந்து பறிபோனால் பந்தைத் துரத்தாமல், நம் கிட்ட போஸ்ட்டை நோக்கி நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். 2018 ஜனவரி 14 அன்று மான்செஸ்டர் சிட்டியுடன் 4-3 ஆன மேட்ச்சில் ராபர்ட்சன் ஒருவர் மாற்றி ஒருவராகத் துரத்திக்கொண்டு எதிர் கீப்பர் வரை ஓடியதைப் பிள்ளைகள் வீடியோவில் பார்த்திருப்பார்கள். பின்னால் அவருடைய இடத்தை மூட ஆள் இருந்தால் மட்டும் அப்படி ஓடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹெட்டிங்

12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெட்டிங் பயிற்சி வேண்டாம். முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைத் தேய்வு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019ல் காட்டியது. அதைத் தொடர்ந்து 2020ல் ஸ்காட்லாந்து அந்த வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து ஹெட்டிங்கை நீக்கியது. அதற்கு மேற்பட்ட வயதிலும் லேசான பந்தில், சில முறை மட்டும், நெற்றியால்.

வாயைத் திறப்பது

கூச்சப்படும் பிள்ளை எவ்வளவு நன்றாக நின்றாலும் ட்ரயலில் கண்ணில் படாது. பெங்களூரு டீம்களில் தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் கலந்திருக்கும். ஆட்டத்துக்கு முன்பே நான்கைந்து கூப்பாடுகளை எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும்: பின்னால் ஆள் வந்தால் "மேன் ஆன்", இல்லையென்றால் "டைம்", லைன் ஏற "அப்", தன் பந்து என்றால் தன் பெயர். "எனக்கு" என்று மட்டும் கத்தினால் யார் கத்தினார்கள் என்று தெரியாது, இருவர் மோதிக்கொள்வார்கள்.

எந்த டீம்

வருடத்தில் எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கும் என்பதை வைத்து டீமைத் தேர்ந்தெடுங்கள், ஜெர்சியை வைத்து வேண்டாம். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் சி, பி, ஏ டிவிஷன்களில் ஆடும் சிறிய கிளப்பில் 16, 17 வயதுப் பையனுக்கு முழு மேட்ச் கிடைத்தால் அதுவே அவனுக்குக் குவீன்ஸ் பார்க். மேலே சூப்பர் டிவிஷனில் அல்சூரின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் போன்ற ராணுவ அணிகளும் ஆடியிருக்கின்றன. அங்கே உடல் பலம் இன்னொரு மட்டம், அவசரப்படாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று சீசனுக்கு முன்பே சரிபாருங்கள். வயதைக் குறைத்துப் பதியாதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்க்கும் பரிசோதனை ஜூனியர் போட்டிகளில் உண்டு. கிளப் மாறும்போது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவில் பழைய கிளப்பின் பெயர் நீங்கியிருக்க வேண்டும். ட்ரயலில் பொசிஷன் கேட்டால் "எங்க வேணும்னாலும் ஆடுவேன்" என்று சொல்லாமல், "லெஃப்ட் பேக், இடது ஸ்டாப்பராவும் ஆடுவேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் எளிய பாஸ், சரியான இடம், உரத்த குரல். கிராஸ் அதற்குப் பிறகு.