பாதியாக நின்றுபோன பட்டை: ஒரு கணக்குத் திருத்தம்

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி ஹாட்ரான்கள் (குவார்க்குகளால் ஆன துகள்கள்) உருவாகும் வீதத்தை, மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) இணை உருவாகும் வீதத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தை, 91.2 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில், ஃபோட்டான் வழிப் பங்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். வலுவிசை இணைப்பு மாறிலி (குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் வலிமை) 0.118, ஐந்து வகைக் குவார்க்குகள். வழக்கம்போல மறுஇயல்பாக்க அளவுகோலை (இணைப்பு மாறிலியை மதிப்பிட நாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அளவு; முழுமையான விடை இதைச் சாராது) இரு மடங்காகவும் பாதியாகவும் மாற்றிப் பார்த்தபோது, முதல் வரிசையில் (இணைப்பு மாறிலியின் முதல் அடுக்கு வரை) விடை சுமார் 0.7 சதவீத அகலத்தில் ஊசலாடியது; இந்த ஊசலாட்ட அகலமே பட்டை. இரண்டாம் வரிசையைச் சேர்த்தால் அது வெகுவாகச் சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறையப் பாதியாக மட்டுமே குறைந்தது.

எண் தொகையீட்டின் மீது சந்தேகப்பட்டு இரண்டு நாள்களை வீணாக்கினேன். பிறகு, அளவுகோலைச் சார்ந்த உறுப்பைக் கையால் வகையிட்டுப் பார்த்தேன். இரண்டாம் வரிசைக் குணகம் 1.409 உடன் 23/12 மடங்கு மடக்கை சேர வேண்டும்; அந்த மடக்கை, அளவுகோலுக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்துக்கு உரியது. நானோ வர்க்கத்தை விட்டுவிட்டேன். ஆகவே ஈடுசெய்யும் உறுப்பு சரிபாதியாகி, முதல் வரிசை ஊசலாட்டத்தில் பாதி அப்படியே எஞ்சியது. பாதி என்ற அந்த எண்ணே தடயம். அதை முதலிலேயே கவனித்திருக்கலாம்.

திருத்தியதும் பட்டை சுமார் 0.1 சதவீதமாகச் சுருங்கியது. இத்தகைய பட்டையைப் பிழை எல்லை என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால், சுமார் −12.8 குணகமுள்ள மூன்றாம் வரிசை உறுப்பையும் சேர்த்தேன்; புதிய மைய மதிப்பு பட்டைக்குள்ளேயே, கீழ் விளிம்பை ஒட்டி விழுந்தது.